இன்னொரு வாய்தா

— வாய்தா எந்தத் தேதிக்கு? அதை முதல்ல சொல்லு. மூச்சு அப்புறம் வாங்கிக்கலாம்.

— சொல்றேன் சார். ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

— குடி, குடி. அந்தப் பெட்டி மேல உக்காராதே ஒஃபுரே. தேர்தல் வழக்கு மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கு. நேத்து பெனின் டிரிபியூனல்லேருந்து தூக்கிட்டு வந்ததுல எனக்கு இடுப்பே போச்சு.

— இடுப்பா? நல்லவேளை சொன்னீங்க. அதை ஒண்ணைத்தான் நான் இன்னும் கோர்ட்டுல சொல்லலை.

— என்ன, கிண்டலா?

— கிண்டல் இல்ல சார். மலேரியா சொல்லியாச்சு. டைபாய்டு சொல்லியாச்சு. பல்வலி, பேதி, கண்ணுல கட்டி, எல்லாம் ஆச்சு. உங்க மாமியாரை ரெண்டு தடவை புதைச்சாச்சு. ரெண்டாவது தடவை புதைக்கும்போது ஜட்ஜ் அம்மா எழுதறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க.

— நீ என்ன சொன்னே?

— என் சீனியருக்கு ரெண்டு மாமியார் மை லார்ட்னு சொன்னேன்.

— பார்த்தியா! இதுக்குப் பேருதான் அனுபவம். எந்தச் சட்டக் கல்லூரியில இதைச் சொல்லிக் குடுக்கிறான்? நின்ன இடத்துல யோசிக்கத் தெரியணும். கேளும்மா, நான் ஜூனியரா இருந்தப்போ எங்க சீனியருக்கு நான் சொல்லாத வியாதி இல்ல. அந்த மனுஷன் எண்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு.

— நான் இங்க வந்து சேர்ந்த அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்? 'சம்பளம்னு பெருசா எதிர்பார்க்காதே, பஸ் காசு தர்றேன், அனுபவம் தர்றேன்'னீங்க. எங்கப்பா அதைக் கேட்டுட்டு சந்தோஷப்பட்டு, உங்க வீட்டுல ஆடு கொண்டு வந்து கட்டினாரு.

— நல்ல ஆடு. பொய் சொல்லக் கூடாது.

— எங்க ஊர்லேருந்து முதல் வக்கீல் சார் நான். விக்கு வெச்சு, அங்கி போட்டு எடுத்த போட்டோவை எங்கம்மா சர்ச்சுக்கே கொண்டு போய்க் காட்டினாங்க. அந்த விக்கை மாட்டிக்கிட்டு இத்தனை மாசமா நான் பேசின ஒரே வசனம் என்ன தெரியுமா? 'மை லார்ட், என் சீனியர் ஒகொடுவா அவர்களுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு தேதி வேணும்.' என் தம்பிங்க துணி காயப் போடுற கயித்துக்குக் கீழ நின்னு இதைச் சொல்லி விளையாடுறானுங்க. ஒருத்தன் ஜட்ஜு, ஒருத்தன் நானு. உங்களுக்கு ஆள் கிடையாது, ஏன்னா நீங்கதான் வர்றதே இல்லையே.

— சரி, புலம்பி முடிச்சுட்டியா? தேர்தல் வழக்கு நடக்கிற காலத்துல எந்தச் சீனியர்மா ஊர்ல இருக்கான்? எல்லாரும் டிரிபியூனல்ல கிடக்கிறான். இது முடியட்டும். அடுத்த தடவை உன்னையும் பெனினுக்குக் கூட்டிட்டுப் போறேன். பெரிய பெரிய சேம்பர்ல உன்னை அறிமுகம் பண்றேன். இப்போ தேதியைச் சொல்லு, டைரியில குறிச்சுக்கிறேன்.

— தேதி இல்லை சார்.

— தேதி இல்லாம எப்படி? ஜட்ஜ் லீவா?

— ஜாமீன் குடுத்துட்டாங்க.

— யாருக்கு?

— ஒடியோனுக்கு.

— எந்த ஒடியோன்?

— உங்க கட்சிக்காரர் சார்! மெயின் ரோட்டுல பஞ்சர் ஒட்டுறவரு. யாரோ ராத்திரியில வந்து டயர் மாட்டச் சொன்னான், இவரும் மாட்டிக் குடுத்தாரு. அது கொள்ளைக்காரங்க காரு. விடிஞ்சதும் போலீஸ் வந்து இவரையும் கூட்டாளின்னு அள்ளிட்டுப் போச்சு. மூணு வருஷமா விசாரணையே இல்லாம உள்ள இருக்காரே, அந்த ஒடியோன்.

— அவனுக்கா. அவனுக்கா ஜாமீன்?

— ஏன் சார் முகம் இப்படிப் போகுது? நல்ல சேதிதானே?

— வாதாடினது யாரு?

— நான்தான்.

— யாரைக் கேட்டு?

— ஜட்ஜ் அம்மாதான் சொன்னாங்க. முழுக்கக் கேளுங்க சார், அப்புறம் திட்டுங்க. காலையில கேஸைக் கூப்பிட்டாங்க. நான் எழுந்து வழக்கம் போல ஆரம்பிச்சேன். ஜட்ஜ் அம்மா கையைக் காட்டி, 'உக்காரு, கடைசியில பார்க்கலாம்'னுட்டாங்க. ஒவ்வொரு கேஸா முடியுது. ஒவ்வொரு வக்கீலா குனிஞ்சு கும்பிட்டுட்டு நழுவுறாங்க. கடைசியில பெஞ்சுல மிச்சம் நானும் அரசு வக்கீலும்தான்.

— ம்.

— ஜட்ஜ் மேல உக்காந்திருக்கும்போது வக்கீல் பெஞ்சு காலியா இருக்கக் கூடாதே. கடைசி ஆளு எழுந்திருக்க முடியாதே. நான் முதல்ல வெளிய போனா அவரு மாட்டிக்குவாரு. அவரு போனா நான். அவரு பையை எடுக்கிறாரு, நான் செருப்பைத் தேடுறேன். அவரு அரை அடி எழுந்திருக்காரு, நானும் எழுந்துட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா குனிஞ்சு கும்பிடுறோம். ஜட்ஜ் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'அரசு வக்கீல் இருக்கீங்க, எதிர் வக்கீல் இருக்கீங்க, நானும் இருக்கேன், கேஸும் இருக்கு. அப்புறம் என்ன, நடத்துங்க'ன்னாங்க.

— உடனே நீ என் பேரைச் சொல்லியிருக்கணும்.

— சொன்னேன் சார். சீனியருக்கு உடம்பு சரியில்லைன்னு வாயைத் திறந்தேன். 'உன் சீனியருக்கு இத்தனை வியாதின்னா, உள்ள இருக்கிறவனை விட அவருக்குத்தான் முதல்ல விடுதலை வேணும். ஒருத்தருக்குப் பதிலா எழுந்து நின்னா, கேஸை நடத்தத் தயாரா நிக்கணும். தெரியுமா, தெரியாதா?'ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். நடத்துன்னாங்க. நடத்தினேன்.

— கேஸ் கட்டு உன் கையில இருந்துச்சா?

— கட்டு எதுக்கு சார்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்வேன். நீங்க அதைப் பிரிக்கவே இல்லை, நான்தான் இத்தனை மாசமாப் பிரிச்சுப் பிரிச்சு வெச்சுட்டிருந்தேன். முதல்ல ரெண்டு தடவை தப்பா ஆரம்பிச்சேன். அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியலை, தண்ணி மாதிரி வருது வார்த்தை. டயர் மாட்டுறவன் காருக்குள்ள யார் இருக்கான்னு பார்த்துட்டா மாட்டுவான்? அப்படிப் பார்த்தா அந்தக் காருக்குப் பெட்ரோல் போட்டவன் எங்க, அவன் ஏன் உள்ள இல்லைன்னு கேட்டேன். அரசு வக்கீல் ஆட்சேபம் சொல்ல எழுந்தாரு, அப்படியே உக்காந்துட்டாரு. வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு சார் அந்த மனுஷன்.

— அவனை, அதாவது ஒடியோனை, கோர்ட்டுக்குக் கொண்டு வந்தாங்களா?

— இல்ல. ஜெயில் வண்டிக்கு டீசல் இல்லைன்னாங்க. எப்பவும் சொல்றதுதானே. கூண்டு காலியாத்தான் இருந்துச்சு. அவரு கேட்கலையேன்னு எனக்கு ஒரே வருத்தம். போன தடவை அவரு வந்திருந்தப்போ நான் வாய்தா கேட்டேன்ல, கூண்டுக் கம்பியைப் பிடிச்சுட்டு இருமிக்கிட்டே நின்னாரு. திட்டவே இல்லை சார். 'பரவாயில்ல மேடம், உங்க சீனியர் உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க'ன்னாரு. அன்னைக்குப் பஸ்ல வீட்டுக்குப் போற வழியெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கலை. அதனாலதான் இன்னைக்கு அந்த இருமலையும் சேர்த்துச் சொன்னேன். 'இவருக்கு உடம்பு சரியில்லை மை லார்ட், வெளிய விட்டா வைத்தியம் பார்த்துப் பொழைச்சுக்குவாரு'ன்னு சொன்னேன். அதுலதான் ஜட்ஜ் அம்மா மனசு இறங்கினாங்க.

— கேளும்மா. நீ பண்ணினது நல்ல காரியமாவே இருக்கட்டும். ஆனா சேம்பர்னு ஒண்ணு இருக்கு, முறைன்னு ஒண்ணு இருக்கு. சீனியர் வாய்தா கேட்கச் சொன்னா வாய்தா கேட்கணும். இப்படி அவனவன் இஷ்டத்துக்கு வாதாட ஆரம்பிச்சா என்ன ஆகிறது?

— கட்சிக்காரன் வெளிய வந்துடுவான் சார். வேற என்ன ஆகும்?

— இந்த வாயி இருக்கே!

— இந்த வாய் இனிமே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாது. சத்தியமாச் சொல்றேன். உங்களுக்கு உண்மையாவே காய்ச்சல் வந்தாக்கூட, 'சீனியருக்கு உடம்பு சரியில்லை, வாய்தா குடுங்க'ன்னு நான் யாருகிட்டேயும் சொல்ல மாட்டேன். வேணும்னா வேலையை விட்டு எடுத்துக்கங்க.

— சரி சரி. கோபப்படாதே. யாரு உன்னை எடுக்கிறேன்னா? சாப்பிட்டியா நீ? எங்க வீட்டுல இடிச்ச கிழங்கும் எகுசி சாறும் குடுத்து விட்டிருக்கா. கை கழுவிட்டு வா.

— சாப்பாடு வேண்டாம். எனக்கு ஒரே ஒரு போன் வேணும் சார்.

— எதுக்கு?

— ஒடியோன் போற சர்ச்சுப் பாதிரியாரே ஜாமீன் நின்னுட்டாரு. ரிஜிஸ்ட்ரார் சரி பார்த்தாச்சு. விடுதலை உத்தரவுல ஜட்ஜ் அம்மா கையெழுத்தும் போட்டாச்சு, இதோ என் பையில இருக்கு. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆயிட்டா ஜெயில் கேட்டைச் சாத்திட்டு, திங்கக்கிழமை வான்னுடுவாங்க. ஜெயில் சூப்பிரண்டு உங்க கிளப் சிநேகிதர்தானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்காகக் காத்திருப்பாரு. நான் ஒரு ஒகாடா, வாடகை பைக், பிடிச்சுப் பறந்துடுவேன்.

— திங்கக்கிழமை போலாமே.

— மூணு வருஷம் போதாதா சார்? இன்னும் மூணு ராத்திரி எதுக்கு?

— அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்.

— எந்தக் காரியம்? எல்லாம் முடிஞ்சுதே. ரோஸ்லின் அக்காவை நான் அப்பவே அனுப்பிட்டேன்.

— யாரு ரோஸ்லின்?

— அவரு சம்சாரம் சார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வாசல்ல நிக்குமே, நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. இன்னைக்கு உத்தரவு வந்ததும் அந்தக் கோர்ட்டு மண்ணுல விழுந்து புரண்டுச்சு. நான் தூக்கி விட்டு, 'அழாதீங்க, நீங்க முன்னாடி போய் கேட்டுல நில்லுங்க, வெளிய வரும்போது முதல்ல உங்க முகத்தைத்தான் பார்க்கணும்'னு பைக்ல ஏத்தி விட்டேன். அகாரா வடை சுட்டு எடுத்துட்டுப் போயிருக்கு. அவரு கல்யாணச் சட்டையையும் எடுத்துட்டுப் போயிருக்கு. ஆளு இளைச்சிருப்பாரு, தொளதொளன்னு தொங்கும்னு ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சு வெச்சிருக்கு சார் அந்தச் சட்டையை.

— நீ எதுக்கு அவளை அனுப்பினே? யாரு உன்னை அனுப்பச் சொன்னா?

— ஏன் கத்துறீங்க?

— என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல! ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல!

— நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்! நீங்க எடுக்கலை. சரி, இப்பக் கேட்கிறேன். சூப்பிரண்டுக்குப் போன் போடுங்க.

— முடியாது.

— என் மேல இருக்கிற கோபத்தை அவரு மேல காட்டாதீங்க சார். கேஸ் ஜெயிச்சது நீங்கன்னே ஊரெல்லாம் சொல்லிக்கங்க. பேப்பர்ல போட்டுக்கங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்குச் சிபாரிசு வேண்டாம், பெனின் வேண்டாம், பஸ் காசும் வேண்டாம். இந்த ஒரு போன் மட்டும் போடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.

— எழுந்திரு. எழுந்திரும்மா, யாராவது பார்க்கப் போறாங்க.

— போடுங்க.

— சூப்பிரண்டுக்கு நான் என்னன்னு போன் போடுவேன்? அவனே எனக்குப் போட்டாச்சு.

— எப்போ? இன்னைக்கா?

— இன்னைக்கு இல்ல. மழை ஆரம்பிச்ச சமயத்துல. நான் டிரிபியூனல் வாசல்ல நின்னுட்டிருந்தேன். ஒரே கூட்டம், சரியாக் கேட்கக்கூட இல்லை.

— என்ன சொன்னாரு?

— கேளு, நிதானமாக் கேளு. இருமல் முத்திப் போச்சாம். ஜெயில்லேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. கொண்டு போன அன்னைக்கே...

— அன்னைக்கே?

— போயிட்டான்மா.

— பொய் சொல்றீங்க.

— இதுல எதுக்கும்மா பொய்?

— நீங்க எல்லாத்துலேயும் பொய் சொல்வீங்க. என்னை வெச்சே சொன்னீங்க. இதுவும் அதுதான். எனக்குப் பாடம் கத்துக் குடுக்கிறதுக்காகச் சொல்றீங்க.

— உடம்பு ஆஸ்பத்திரி பிணவறையில இருக்கு. 'வீட்டுக்கு நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க பாரிஸ்டர், கோர்ட்டுக்கும் நீங்களே தெரிவிச்சுடுங்க'ன்னான். நானும் சரின்னேன்.

— போன வாரம் ரோஸ்லின் அக்கா பார்க்கப் போயிருந்துச்சு. வார்டர் என்ன சொன்னானாம் தெரியுமா? 'அவனுக்கு உடம்பு சரியில்லை, பார்க்க முடியாது'ன்னானாம்.

— அவன் என்ன பண்ணுவான்? வீட்டுக்குச் சொல்ற வேலையை என்கிட்ட விட்டாச்சுன்னு இருந்திருப்பான்.

— நீங்க?

— மறந்துட்டேன்.

— மறந்துட்டீங்க.

— வேணும்னு பண்ணலைம்மா. அன்னைக்கு எங்க கட்சி சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணிட்டிருந்தாங்க. ராத்திரி ஞாபகம் வந்துச்சு, காலையில சொல்லலாம்னு படுத்தேன். அப்புறம் நாள் போகப் போக, எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு. டிரிபியூனல் முடிஞ்சதும் நானே நேர்ல வந்து கேஸை முடிச்சு வெச்சுடலாம்னு இருந்தேன்.

— அப்போ இன்னைக்கு நான் யாருக்காக வாதாடினேன்?

— ஒஃபுரே...

— வைத்தியம் பார்த்தா பொழைச்சுக்குவாருன்னு சொன்னேனே. ஜட்ஜ் அம்மா கண்ணு கலங்கினாங்களே. பாதிரியார் யாருக்கு ஜாமீன் நின்னாரு? இந்த உத்தரவைக் கொண்டு போய் நான் யாருகிட்டக் காட்டுறது? பிணவறையிலயா?

— மெதுவாப் பேசு.

— செத்துட்டாருன்னு தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சே என்னை எதுக்கு இன்னைக்குக் கோர்ட்டுக்கு அனுப்பினீங்க?

— வாய்தா கேட்கத்தானேம்மா அனுப்பினேன். வாதாடவா சொன்னேன்? செத்தவனுக்கு இன்னொரு வாய்தா வாங்கினா யாருக்கு என்ன நஷ்டம்? நான் சொன்னதை மட்டும் நீ செஞ்சிருந்தா இந்தப் பிரச்சனையே இல்லையே.

— யாருக்கு நஷ்டம்னா கேட்கிறீங்க?

— உன் போன் அடிக்குது.

— தெரியும்.

— யாரு?

— அவங்கதான்.

— எடுக்காதே.

— கேட்டுக்கு வெளிய நின்னுட்டிருக்காங்க சார். கையில சட்டை இருக்கு. இந்தாங்க, நீங்க பேசுங்க. உங்க கட்சிக்காரர் வீட்டுக்காரம்மா. பக்குவமாச் சொல்றேன்னு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?

— எனக்கு... எனக்குப் பழக்கமில்லைம்மா அந்தப் பொம்பளையை. நீதான் அவகூட நல்லாப் பழகியிருக்கே. ஒரு பொம்பளைக்குப் பொம்பளை...

— சரி, நான் எப்படிச் சொல்லணும்னாவது சொல்லிக் குடுங்க. அனுபவம் தர்றேன்னீங்கள்ல? குடுங்க. இதுக்கு என்ன வசனம்? நான் அப்படியே ஒப்பிக்கிறேன்.

— அடிச்சு ஓயட்டும், விடு.

— ஓஞ்சு போய்த் திரும்ப அடிக்குது. ஓயாது சார் அது. மூணு வருஷமா ஓயலை.

— நான் வேணும்னா அந்தப் பக்கம் போறேன். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, நிஜமாவே.

— நில்லுங்க. போகாதீங்க. கேட்டுட்டுப் போங்க. ... ஹலோ. ஆமா அக்கா, ஒஃபுரேதான். ம்... கேட்குது. இன்னும் சாத்தலையா? இல்ல, நான் கிளம்பலை. பின்வாசல் வழியா விடுவாங்களான்னு கேட்கிறீங்களா? இல்ல அக்கா, முன்வாசல்தான். அகாரா ஆறினா ஆறட்டும், பரவாயில்ல. அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க... நீங்க இப்போ வீட்டுக்குப் போங்க. இல்ல, இல்ல, ஒண்ணும் ஆகலை. ஒண்ணும் இல்ல. எங்க சீனியருக்கு உடம்பு சரியில்லை. திங்கக்கிழமைக்கு வாய்தா குடுத்திருக்காங்க.